மாமாவின் நூற்றுப் பதினெட்டு

கோந்த்வா, புணே
12.7.1998

மஸ்கட் மாநகரில் ஊசியும் கையுமாக ஆட்சி செலுத்தும் என் மருமகள் தீபாவுக்கு, கோந்த்வா மேட்டிலிருந்து உன் மாமன் மாடசாமி எழுதுவது. இங்கே நலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைத்ததும் உனக்கும் பாதி அனுப்பி வைக்கிறேன்.

கீழ்வீட்டு இர்பான் லீவில் வரும்போது நீ கொடுத்தனுப்பிய சுகர் மெஷின் பத்திரமாக வந்து சேர்ந்தது. அவன் அதை இரண்டு கையாலும் ஏந்திப் படியேறி வந்த தோரணையைப் பார்த்து, மஸ்கட்டிலிருந்து தங்கக் கட்டிதான் வந்துவிட்டது என்று கட்டடமே திரண்டுவிட்டது. மூன்றாம் மாடி மராட்டிக்கார அம்மாள் தேஷ்பாண்டே காக்கு தன் விரலையும் நீட்டினாள். ஸ்ட்ரிப் வீணாகும் என்று உன் அத்தை இனிமையாக மறுத்து, ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

மெஷினை ஓட்டுவது அத்தைதான். கூடவந்த காகிதத்தில் இருந்த படங்களைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். தளேகாவ் கம்பெனியில் ஆயுள் முழுக்க நட்டையும் போல்ட்டையும் அளந்து தள்ளிய எனக்கு, அந்தத் துக்கடா சாமானில் எது தலை எது வால் என்று இன்னும் பிடிபடவில்லை. முதல் நாள் ஊசி என் விரலில் இறங்கியபோது நான் போட்ட சத்தத்தில், வானவடி முகாமில் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததாகக் கேள்வி. மெஷின் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 286 என்றது. மறுவாரம் 291. என் இரத்தத்தை லாரியில் ஏற்றி அனுப்பினால் கோலாப்பூர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலை ஒரு சீசன் முழுக்கக் கரும்பில்லாமல் ஓடும்.

சிரிப்பதற்காகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் அலுத்துப்போச்சு, பிள்ளை. பல் விளக்குவதற்கு முன்னால் விரலைக் குத்தி, அந்த எண் எப்படியோ அப்படித்தான் அன்றைக்கு முகம். பாகற்காய், வெந்தயம், உப்புச் சப்பில்லாத சோள ரொட்டி, இந்த ஊர் பாக்ரி. நடந்து வந்தால் கால் எரிகிறது, உட்கார்ந்தால் உன் அத்தை எரிக்கிறாள். இந்த எண்களை டாக்டர் பாலச்சந்திரனுக்கு மட்டும் எழுதிவிடாதே. அந்த மனுஷன் இன்சுலின் பாட்டிலோடு வாசலில் வந்து நிற்பார்.

உன் மாமன்
மாடசாமி

(தீபா, மாமா ஜிலேபி தின்னதை எழுதல பாத்தியா. ஆட்டோ ஸ்டாண்டுல நின்னு தின்னுட்டு வாயைத் தொடைக்காம வந்தாவ. அத்தை.)

*

மஸ்கட்
3.8.1998

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

டியூட்டி முடிந்து வந்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். போனில் பேசினால் நீங்கள் என்னைச் சிரிக்க வைத்தே நேரத்தைக் கரைத்துவிடுகிறீர்கள். கேட்டதற்குப் பதில் வருவதில்லை. அதனால் இனிமேல் சுகர் விஷயம் எழுத்தில் மட்டும்தான்.

286 என்பது சிரிக்கிற எண் இல்லை மாமா. என் வார்டில் படுத்திருப்பவர்களில் பாதிப் பேர் இந்த எண்ணை வைத்துச் சிரித்தவர்கள்தான். இன்று ஒருவருக்குப் பாதத்தில் கட்டு மாற்றினேன். வீட்டுக்கு எப்போது நடந்து போகலாம் என்று கேட்டார். கட்டை முடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

போன லீவில் டாக்டர் பாலச்சந்திரன் உங்கள் முன்னாலேயே சொன்னார், மாத்திரை இதற்கு மேல் தாங்காது, இன்சுலின் தொடங்க வேண்டும் என்று. ஊசி என்பது கடைசி ஸ்டேஷன், என் அக்கா அங்கேதானே இறங்கினாள் என்று நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். இப்போது சொல்கிறேன். அம்மா ஊசியால் சாகவில்லை. ஊசியைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுச் செத்தாள். அப்போது அளந்து பார்க்க வீட்டில் ஒன்றும் இல்லை, யாரையும் குறை சொல்ல முடியாது. இப்போது மெஷின் இருக்கிறது.

தீபாவளி வரை பொறுக்கிறேன். வாரம் ஒரு தடவை வெறும் வயிற்றில் அளந்து எண்ணை எழுதுங்கள். 150க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால், மாத்திரையே போதும் என்று டாக்டரிடம் நானே உங்களுக்காகப் பேசுகிறேன். இறங்காவிட்டால் இன்சுலின். அதற்கப்புறம் நகைச்சுவை வேண்டாம்.

நான் ஸ்கூலில் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள், அதற்குப்பின் நீங்கள் இரண்டு பேரும்தான் எனக்கு எல்லாம். அதனால்தான் இப்படி எழுதுகிறேன்.

தீபா

*

கோந்த்வா
20.9.1998

கெடு விதிக்கும் மகாராணிக்கு,

கோட்டையின் உச்சியில் நின்று எழுதுகிறேன். வென்றாகிவிட்டது. போன மூன்று வாரத்து எண்கள் வருமாறு: 118, 124, 116. மறுபடி படித்துப் பார். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை படி.

எப்படி என்று உலகம் கேட்கும். விடிந்ததும் கோந்த்வா மேட்டை நான் ஏறுகிற வேகத்தில் அணிவகுத்துப் போகும் பட்டாளம் வழிவிட்டு ஒதுங்குகிறது. வெந்தயம் தின்று தின்று என் வியர்வையில் சாம்பார் வைக்கலாம். ஜிலேபிக் கடைக்காரன் என்னைப் பார்த்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு மனைவியிடம் ஆறுதல் தேடிப் போய்விடுகிறானாம். உன் அத்தையின் ஒத்துழைப்பு இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்காது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆகவே இன்சுலின் பேச்சு இத்துடன் முடிந்தது. டாக்டருக்கு நீ எழுத வேண்டிய சிபாரிசுக் கடிதத்தில் என் வீரத்தைக் குறைக்காமல் எழுது.

அத்தை எழுதவில்லையே என்று நினைக்காதே. கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது, கூடவே கொஞ்சம் அசதி.

வெற்றி வீரன்
மாமா

*

மஸ்கட்
15.10.1998

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை வார்டிலேயே பிரித்தேன். 118 என்று பார்த்ததும் கையைத் தட்டிவிட்டேன். கேரளத்து சிஸ்டர் ஒருத்தி, லாட்டரி விழுந்ததா என்று கேட்டாள். என் மாமாவுக்கு 118 என்றேன். அவளும் தட்டினாள்.

டாக்டருக்கு எழுதிவிட்டேன். இப்போதைக்கு மாத்திரையே தொடரட்டும் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் நேரில் வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். போவீர்களா?

உங்களைத் திட்டித் திட்டி எனக்கே களைப்பாகிவிட்டது. இங்கே நாள் முழுக்க அடுத்தவர் விரலைக் குத்துகிறேன். வீட்டுக்கு வந்தால் உங்கள் விரல் ஞாபகம். இந்த மாதம்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இர்பானிடம் இன்னும் இரண்டு டப்பா ஸ்ட்ரிப் கொடுத்திருக்கிறேன். அத்தை ஏன் கடிதத்தின் அடியில் எழுதுவதில்லை? அவள் போட்டுக்கொடுக்கிற வரிகள் இல்லாமல் உங்கள் கடிதத்தைப் பாதிதான் நம்ப முடிகிறது. அசதி என்றால் என்ன அசதி?

தீபா

*

கோந்த்வா
28.1.1999

மருமகளுக்கு,

நாள் கடந்து எழுதுகிறேன். சங்கராந்தி முடிந்தும் இந்தக் கட்டடத்தில் ஹல்தி குங்கும் முடிந்தபாடில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஒவ்வொரு சாயங்காலம் கூப்பிடுகிறாள். குங்குமம் வைத்து, எள்ளும் வெல்லமும் உருட்டிய தில்குளைக் கையில் திணித்து, இனிமையாகப் பேசு என்று வாழ்த்தி அனுப்புகிறார்கள். நான் ஆண்பிள்ளை, தப்பித்தேன். உன் அத்தை ஒரு வீடு விடாமல் போய்வருகிறாள்.

அவள் கதையைக் கேள். தூக்கம் அவளைத் தத்து எடுத்துக்கொண்டுவிட்டது. மாவு பிசையும்போது தூங்குகிறாள். குக்கர் நாலு விசில் அடித்தும் எழுந்திருக்காமல், விசில் அடித்தது பக்கத்து வீடு என்று என்னோடு வழக்காடுகிறாள். விழித்திருக்கும் நேரத்தில் தண்ணீர் குடிக்கிறாள். மாநகராட்சி இந்தப் பகுதிக்குத் தனியாக ஒரு டேங்கர் விட யோசிக்கிறதாம். தீபாவளிக்கு முன்னால் வானவடிக்கு ஸ்கூட்டரில் போனபோது சைலன்ஸர் அவள் காலில் ஒரு முத்தம் கொடுத்தது. தம்படி அளவு சூடு. மஞ்சள் மருந்தைத் தடவித் தடவியும் இன்னும் அது காயவில்லை. சைலன்ஸருக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம்.

அப்புறம், உன் மெஷின் கெட்டுவிட்டது. டிசம்பரில் 168 என்றது. போன வாரம் 197. நேற்று 243 என்று கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் காட்டுகிறது. நான் ஒன்றும் தின்னவில்லை என்று உன் அத்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன், அவள் விழித்திருந்தால். மஸ்கட் சூட்டுக்குப் பழகிய மெஷினுக்குப் புணே குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலும். டாக்டரிடம் சொல்வதற்கு முன்னால் மெஷினுக்கு வைத்தியம் பார்க்க வழி சொல்.

மாமா

*

மஸ்கட்
16.2.1999

மாமா,

மெஷினுக்குக் குளிரெல்லாம் கிடையாது. இங்கே குளிர்சாதன அறையில்தான் தினமும் பயன்படுத்துகிறோம். ஆரோக்கியமான ஒருவர் விரலில் ஒரு தடவை குத்திப் பாருங்கள். அது சரியாகக் காட்டினால் மெஷின் சரி. 243 உங்கள் எண்தான்.

டாக்டருக்கு இன்று எழுதுகிறேன். கெடு என்று நான் சொன்னது விளையாட்டில்லை. நீங்கள் என்னென்ன தின்றீர்கள் என்று கேட்கவும் எனக்குத் தெம்பு இல்லை. நாலு மாதம் நிம்மதியாக இருந்தேன். அதையும் எடுத்துக்கொண்டீர்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் சிரிப்பதற்காக எழுதியிருக்கிற பகுதியை நான் மூன்று தடவை படித்தேன். தூக்கம், தாகம், ஆறாத புண். இதை எந்த நர்ஸிடம் காட்டினாலும் ஒரே பதில்தான் சொல்வாள். நீங்கள் எப்படி மாமா பார்க்காமல் இருந்தீர்கள்? சுகர் உள்ள ஒருவர் வீட்டிலேயே, மெஷின் மேசைமேலேயே இருக்கும்போது?

நாளைக் காலை வெறும் வயிற்றில் ஒரே ஒரு ஸ்ட்ரிப்பை அத்தைக்குச் செலவு செய்யுங்கள். உடனே எனக்கு எழுதுங்கள். போன் செய்தாலும் சரி.

தீபா

*

கோந்த்வா
7.3.1999

தீபா,

போன் செய்ய பூத் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். இதை உன் குரல் கேட்கும்போது என்னால் சொல்ல முடியாது.

அத்தைக்கு என்று தனியாக ஒரு ஸ்ட்ரிப் செலவழிக்கத் தேவை இருக்கவில்லை. கெடு வந்ததிலிருந்து நீ அனுப்பிய ஸ்ட்ரிப் எல்லாம் அவளுக்குத்தான் செலவாகியிருக்கிறது.

உன் ஆகஸ்ட் கடிதம் வந்த வாரம் என் விரல் 274 காட்டியது. எழுத உட்கார்ந்தால் உன் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஊசியோடு கிடந்ததுதான் கண்ணில் நின்றது. தளேகாவ் கம்பெனியில் சரக்கு வாங்குகிறவன் சோதிக்க வரும் நாளில், என் மேசைமேல் ஒரு தட்டு தயாராக இருக்கும். அளவு பிசகாத போல்ட்டாகப் பொறுக்கி வைத்தது. வருகிறவன் அதை அளப்பான், தலையை ஆட்டுவான், டீ குடிப்பான், போய்விடுவான். லாரியில் ஏறுவது வேறு. எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். பவுனு, உன் விரலைக் கொடு என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. “உங்களுக்கு வலிக்கும்லா, எனக்குக் குத்துங்க” என்றாள்.

தட்டில் இருந்த நல்ல போல்ட்டு துருப்பிடிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. எண் ஏறியபோது மெஷின்தான் கெட்டது என்று உண்மையாகவே நம்பினேன். உன் கடிதம் வந்த அன்று இர்பானின் தம்பியைக் கூப்பிட்டுக் குத்தினேன். 92. என் விரல் 302. அவள் விரல் 311. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது.

எத்தனை நாளாகத் தாகம் என்று கேட்டேன். கணக்குத் தெரியவில்லை என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். காலை முந்தானையால் மூடிக்கொண்டு, “வீட்டுக்கு ஒரு சுகர்காரர் போதும்னு இருந்துட்டேன்” என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். வீட்டுக்கு வருகிற இனிப்பு எதுவும் என் கண்ணில் படக் கூடாது என்று, இத்தனை வருஷமும் அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் தின்று தீர்த்திருக்கிறாள். தில்குள், பேடா, இர்பான் வீட்டு சேமியாப் பாயசம், எல்லாம். பிடிக்காவிட்டாலும் தின்றாளாம். கொட்டினால் கொடுத்தவர்கள் குப்பைத் தொட்டியில் பார்த்துவிடுவார்களே என்று. பத்தியம் இருந்தது நான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

புண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கிறது. என்ன செய்ய வேண்டும், சொல்.

மாமா

*

மஸ்கட்
18.3.1999

மாமா,

உங்கள் கடிதம் வந்த அன்றே கீழ்வீட்டுக்குப் போன் செய்து, அத்தையை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். இர்பானின் அம்மா இன்று போனில் சொன்னார், சேர்த்தாகிவிட்டது என்று. அதனால் இதை அவசரமில்லாமல் எழுதுகிறேன்.

உங்களைத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. ஏனென்றால் நானும் அதில் இருக்கிறேன். 118 என்று நீங்கள் எழுதியபோது நான் கை தட்டினேன். 286லிருந்து வந்த ஒருவருக்கு அது நல்ல எண். சுகர் இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு வெறும் வயிற்றில் 118 என்பது முதல் மணி. 124 இரண்டாவது மணி. அத்தையின் உடம்பு எனக்கு வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நான் அதைப் படித்துவிட்டு வார்டில் சிரித்தேன்.

இனிப்பினால் மட்டும் இது வருவதில்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள். அவள் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வாள், எனக்குத் தெரியும்.

புண் ஆற அவளுக்கு இன்சுலின் போட்டே ஆக வேண்டும். உங்களுக்கும் போட வேண்டும். இதை நான் பேரம் பேசவில்லை, கெடுவும் வைக்கவில்லை. கேட்கக்கூட இல்லை. இரண்டு வீட்டு வேலையும் பார்த்த மாதிரி உடம்பு கனக்கிறது. மே மாதம் லீவு கிடைக்குமா என்று தெரியவில்லை.

தீபா

*

கோந்த்வா
2.5.1999

தீபாவுக்கு,

அத்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். புண்ணில் கறுத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். கால் தப்பித்தது என்றார் டாக்டர் பாலச்சந்திரன். ‘இப்போதைக்கு’ என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார். அந்த மனுஷன் பட்டாளத்தில் இருந்தவர், ஒரு வார்த்தையைக்கூட இனாமாக இனிப்பாக்கித் தரமாட்டார்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பெரிதாக்கவில்லை.

சேர்த்த அன்று அவளுக்கு ஊசி போட நர்ஸ் வந்தாள். உன் அத்தை கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். நர்ஸ் மராட்டியில் கெஞ்சினாள், டாக்டர் தமிழில் அதட்டினார். அவள் யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“நீங்க முதல்ல போடுங்க. நான் பாத்துட்டுப் போட்டுக்கிடுதேன்.”

கோபத்தில் சொன்னாள் என்று நினைக்காதே. அவளுக்குப் பயம். உன் அம்மா கட்டிலருகே இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தது நான் இல்லை, அவள்தான். கடைசி ஸ்டேஷன் என்று நான் பேசிப் பேசி, அந்தப் பயத்தை அவளுக்கும் சேர்த்து வளர்த்திருக்கிறேன். நான் பேசினேன், அவள் பேசவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன். யாருக்கு முதலில் என்று டாக்டர் கேட்டார். சட்டையைத் தூக்கினேன். வயிற்றில் போட்டார்கள். வலிக்கவில்லை என்று எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைவிடக் கோந்த்வாக் கொசு அழுத்தமாகக் கடித்திருக்கிறது. இதற்காகத்தான் ஏழெட்டு மாதம் அவள் விரலை ஓட்டை போட்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விழவில்லை என்று உறுதியானதும் கையை நீட்டினாள்.

இப்போது காலையில் நான்தான் எழுந்து காப்பி போடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து நான் போட்ட முதல் காப்பி இதுதானாம், அதிலும் சக்கரை இல்லை, பாலும் தண்ணி என்று கட்டடம் கேட்கச் சொல்கிறாள். குடித்துவிடுகிறாள். அப்புறம் அவள் என் ஊசியில் மருந்தை ஏற்றித் தருகிறாள். எனக்குக் கோடு சரியாகத் தெரிவதில்லை. அவள் காலுக்கு நான் கட்டு மாற்றுகிறேன். குனிந்து எழுந்திருக்க நேரமாகிறது. இதெல்லாம் முடிவதற்குள் இரண்டு பேருக்கும் பாதி நாள் போன மாதிரி களைத்துவிடுகிறது. நாளைக்கும் இதேதான், மறுநாளும் இதேதான். யாரும் மேளம் கொட்டப்போவதில்லை.

நீ மே மாதம் வர முடியாவிட்டால் பரவாயில்லை. தூங்கு. எண்களை எழுதிக்கொண்டிருப்பேன்.

இன்று காலை வெறும் வயிற்றில் எனக்கு 211. அவளுக்கு 184. இரண்டும் நல்ல எண் இல்லை. அவரவர் விரலில் எடுத்தது.

மாமா